விரலைச் சுற்றி வட்டம் போடாதீர்கள்

காலில் டேப் ஒட்டிக்கொள்ளப் போகிறவர்கள் மீதியைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள். விரலைச் சுற்றி முழு வட்டம் போடக் கூடாது. நகம் வெளியே தெரிய வேண்டும். நகத்தை அமுக்கினால் வெளுக்க வேண்டும், விட்டதும் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் டேப்பைப் பிய்த்து எறியுங்கள். ஒட்டிவிட்டவர் மனசு நோகுமே என்றெல்லாம் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு பெரிய கதை.

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் பார்க்கிறேன். வெடிப் பெட்டி லேபிளில் குழந்தை சிரிக்கிற படம், மயில் படம், இல்லாத பூவெல்லாம் பூக்கிற மத்தாப்பூ. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரஸ் கம்ப்யூட்டரில் அவசர அவசரமாக இதை அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாளி வண்டிச் சத்தம் கேட்டால் பாதியில் மூடிவிட்டு மயிலுக்குப் போய்விடுவேன்.

என் வலது காலில் பெருவிரல் பக்கத்து விரலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அது சாய்ந்த அளவுக்கு அதன் அடி மூட்டு வெளியே துருத்திக்கொண்டு, ஒரு கொட்டைப்பாக்கை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி நிற்கும். டாக்டர்கள் இங்கிலீஷில் பனியன் என்கிறார்கள். முதன்முதலில் அதைக் கேட்டபோது சட்டைக்குள் போடுகிறது என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். செருப்பு உரசினால் சிவந்து வீங்கும். நடக்கும்போது பெருவிரலை ஊன்ற முடியாது. அதனால் பாதத்தின் வெளி ஓரத்தில் எடையைப் போட்டு இழுத்து இழுத்து நடப்பேன். இடது கால் டப் என்று விழும், வலது கால் சர்ரென்று இழுபடும். டப், சர். டப், சர்.

அது அம்மாவின் கால். அச்சு அசல்.

அம்மா பெயர் செல்வி. சிவகாசி வட்டாரத்தில் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தாள். அந்த ரூம்களுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். பொறி தெரிந்தால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்பது கணக்கு. செருப்பை கேட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ரூம் வெடித்தது. அம்மாதான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாளாம். மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பொம்பளை துஷ்டி கேட்க வந்தபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"செல்வியக்கா எந்திரிச்சுட்டாகண்ணே. ஓட்டந்தான் வரல."

அப்பா தலையை ஆட்டினார். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பிணவறையில், அம்மாவை அடையாளம் காட்டியது அவர்தான். முகம் உதவவில்லை. பெருவிரலைப் பார்த்து, "இது என் வீட்டுக்காரி காலு" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதைவிட என் காலைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்த முதல் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் டப், சர் என்று நடந்து வருகிறேன். வீட்டுக்குள்ளிருந்து அப்பா குரல் கேட்டது. "வந்துட்டியா? உலை கொதிக்கி, அரிசியைப் போடு." அது அம்மா வேலை முடிந்து வரும்போது சொல்கிற பேச்சு. நான் வாசல்படியில் நின்றுவிட்டேன். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். பிறகு பையை வாங்கி உள்ளே வைத்தார். அதிலிருந்து அந்த வீட்டில் நான் நடக்கிற ஒவ்வொரு தடவையும் அவர் செய்கிற வேலை ஒரு நொடி நிற்கும். எனக்கே சில சமயம் பின்னால் இன்னொருத்தி நடந்து வருகிற மாதிரி இருக்கும். நான் நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.

காலுக்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அப்பாதான்.

"எனக்கு எதுக்குப்பா? கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துருக்கேன். எங்கன ஓடப் போறேன்?"

"ஓட வேண்டியது வரும்னு யாருக்கும் சொல்லிட்டா வருது?"

அவரோடு விருதுநகருக்குக் கிளம்பினேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ஆபரேசன் இப்போது வேண்டாம், டேப் போட்டுப் பார்க்கலாம் என்று விருதுநகரிலேயே ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார். பிசியோ காரியாபட்டிக்காரர், என்னைவிட நாலைந்து வயசு மூத்தவராக இருப்பார். என் காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் நடக்கச் சொன்னார். ஈரத் தடத்தில் நாலு விரல் இருந்தது. பெருவிரல் இருக்க வேண்டிய இடம் காய்ந்து கிடந்தது.

"பாத்தீகளா, பெருவிரல் தரையைத் தொடவே இல்ல. நடக்கையில நம்மள முன்னாடி உந்துறதே அதுதான்."

முதலில் தோலைக் காப்பாற்ற வெள்ளையாக ஒரு மெல்லிய டேப். அதன் மேல் இழுத்தால் நீளாத காக்கிக் கலர் டேப். பெருவிரலின் உள்பக்கத்தில் ஆரம்பித்து, விரலை நேராக்கிப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் உள் ஓரமாகவே குதிகால் வரை கொண்டுபோய் ஒட்டினார். யாரோ காதைப் பிடித்து நேராக நிறுத்திய மாதிரி விரல் நின்றது. மறுபடி நனைத்துக்கொண்டு நடந்தேன். தடத்தில் ஐந்து விரல். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அது யார் காலோ மாதிரி இருந்தது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எலும்பை நேராக்காதுங்கய்யா. டேப் இருக்குற வரைக்கும் விரல் இங்கன நிக்கும், எடுத்தா பழைய இடத்துக்கே போயிரும். நடக்கையில வலி குறையும். அம்புட்டுத்தான்."

"ஓடலாமா தம்பி?"

"மொதல்ல நல்லா நடக்கட்டும்."

"ஓடலாமான்னு கேக்கேன்."

பிசியோ என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "போகப் போக ஓடலாம்" என்றார்.

அடிக்கடி மாற்றி ஒட்ட வேண்டும், அதற்காக ஒவ்வொரு தடவையும் விருதுநகர் வர முடியுமா என்று பிசியோ கேட்டபோது, "நான் ஒட்டிருவேன் தம்பி, என் தொழிலே சுத்துறதுதான்" என்றார் அப்பா. அப்போதே எங்கள் மூன்று பேருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

அம்மா போன பிறகு அப்பா மருந்து ரூம் பக்கம் போவதில்லை. வேறொரு கம்பெனியில், வெட்டவெளிக் கொட்டகையில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறார். பேப்பர் டப்பியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சணலை இறுக்கிச் சுற்ற வேண்டும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சத்தம். சுற்று தளர்ந்தால் வெடி புஸ்ஸென்று போய்விடும், கம்பெனிக்குக் கெட்ட பெயர். வருசக்கணக்கில் இறுக்கிப் பழகிய விரல்கள் அவருடையவை. ஒரு டேப்பை லேசாக ஒட்டு என்றால் அந்தக் கைக்குப் புரியாது.

வீட்டில் முதல் தடவை ஒட்டும்போது பிசியோ செய்த மாதிரியே ஆரம்பித்தார். குதிகால் வரை கொண்டுபோனார். திருப்தி வரவில்லை. நடக்கையில் கழன்றுவிட்டால் என்ன செய்வது? விரலைச் சுற்றி ஒரு சுற்று, அதன் மேல் ஒரு சுற்று, குறுக்கே ஒன்று, பிடிமானத்துக்கு இன்னும் ஒன்று. கடைசியில் பல்லால் டேப்பைக் கடித்து அறுத்து, கட்டைவிரலால் தேய்த்துவிட்டார்.

"இறுக்குதா தாயி?" என்று அவரே கேட்டார்.

இறுக்கியது. ஆனால் அவர் முகத்தில் அப்போது இருந்த நிம்மதியை அம்மா போன பிறகு நான் பார்த்ததில்லை. "சூப்பர்ப்பா, செம கிரிப்" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிரஸ்ஸில் தீபாவளி லேபிள் சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் வலி அடங்கிப்போனது. வலி என்றில்லை, விரலே இருப்பது தெரியவில்லை. ட்ரீட்மெண்ட் வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன். காலேஜ் படித்தவளின் லட்சணம் இது. ராத்திரி டூட்டியும் பார்த்துவிட்டு மறுநாள் காலையில்தான் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். நகம் நாவல்பழக் கலரில் இருந்தது. அமுக்கினால் வெளுக்கவும் இல்லை, சிவக்கவும் இல்லை. விரல் நுனியில் நீர்க்கொப்புளம் கட்டியிருந்தது. அப்பா கத்திரியை எடுத்தார், அவரே சுற்றிய இறுக்கத்தில் அது டேப்புக்குள் நுழையவில்லை. ஓரத்தைக் கிளப்பி நான்தான் வெட்டினேன். ரத்தம் திரும்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நுனி கறுப்பாகவே இருந்தது.

சிவகாசியில் காட்டிய டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நேரே விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பெயரைக் கேட்டதும் அப்பா, "மதுரைக்குப் போயிரலாமே" என்றார். "அவ்வளவு தூரம் போக நேரமில்லங்க" என்றார் டாக்டர்.

ஆட்டோ ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்தபோது அப்பா என் முழங்கையைப் பிடித்திருந்தார். அவர் என்னைத் தாங்கிப் பிடிக்கிறாரா, தான் விழாமல் என்னைப் பிடித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வார்டு டாக்டர் இளம் வயசுக்காரர். விரலைப் பார்த்ததும், "யார் இதை ஒட்டுனது?" என்றார்.

"நான்தான் சார், எனக்கு நானே" என்றேன்.

"இல்லங்கய்யா. நாந்தான் சுத்துனேன்."

"சுத்துனீங்களா? என்னமோ வெடிக்குக் கயிறு சுத்துற மாதிரி சுத்திருக்கீங்க."

"ஆமாங்கய்யா. அதுதான் என் வேலை."

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். அப்புறம் குரலை இறக்கி விளக்கினார். ரத்தம் போகாமல் இருந்ததில் நுனித் தோல் கெட்டிருக்கிறது. கெடுதல் தோலோடு நிற்கிறதா, உள்ளே சதை வரை போயிருக்கிறதா என்பது இன்றைக்குத் தெரியாது. கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவில் ஒரு கோடு தானாக விழும். அது எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் முடிவு. கோடு நுனியோடு நின்றால் புண் ஆறிவிடும். கீழே இறங்கினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். என் விரலில் பேனாவால் ஓர் அடையாளம் வைத்தார். "இதைத் தாண்டக் கூடாது, சாமியைக் கும்பிட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனார்.

அடுத்த பெட்டில் ஆதிலட்சுமி அக்கா. மிளகாய் வத்தல் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் ரகம் பிரிக்கிறவர். சுகர் புண்ணில் இரண்டு விரல் ஏற்கெனவே போயிருந்தது. அவர் சேலையை உதறினால் வார்டே தும்மும்.

"ஏ புள்ள, ஒரு விரலுக்கா இந்த அழுகை? எனக்கு ரெண்டு போச்சு. மெட்டி போடுற விரலு தப்பிச்சிருச்சு, பெறகு என்ன? எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் கணக்கே தெரியாது."

"அழலக்கா. வத்தல் நெடி."

"ஆமா, என் மேலயே பழியைப் போடு."

எனக்கு இருந்த பயம் நடப்பதைப் பற்றியதில்லை. அதை அப்பாவிடம் சொல்ல முடியாது. அவர் பெண்கள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வார்டு ஜன்னல் வழியாகப் பின்கட்டு தெரியும், பிணவறையின் தகரக் கதவும் தெரியும். அப்பா நாள் முழுக்க அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார். டீ வாங்கப் போனாலும் அந்தத் திசையில் தலை திரும்பாமல் ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் போவார். விளக்கை அணைத்த பிறகு நான் கண்ணை மூடினால் அந்தக் கதவுக்குள் வரிசையாகக் கால்கள் தெரியும். எல்லாக் கால்களும் ஒரே மாதிரி, எல்லாம் நேரான விரல்கள். அப்பா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டே போவார்.

ஒரு மத்தியானம் ஆதிலட்சுமி அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"அக்கா, எங்கம்மாவை இந்த விரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சாரு எங்கப்பா. இதை எடுத்துட்டா என்னைய எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

அக்கா டம்ளரிலிருந்த கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"உன்னைய எதுக்குடி கண்டுபிடிக்கணும்? நீ என்ன மருந்தா செலுத்தப் போற? லேபிளு ஒட்டுற கழுதை. இதைக் குடி மொதல்ல."

தன் கஞ்சியை என்னிடம் நீட்டினார். குடித்தேன். அதிலும் வத்தல் நெடி அடித்தது.

விரலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க டாப்ளர் என்ற டெஸ்டுக்கு வெளியே ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார்கள். கம்பெனியில் தீபாவளிக்குத் தர வேண்டிய போனஸை முன்கூட்டியே வாங்கி அப்பா அதற்குக் கட்டினார். தோலில் ஜெல்லைத் தடவி ஒரு சின்னக் குச்சியை வைப்பார்கள், உள்ளே ஓடுகிற ரத்தத்தை அது சத்தமாக மாற்றிக் கொடுக்கும். வலி கிடையாது. கணுக்காலில் வைத்ததும் ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. உஸ்ஸ், உஸ்ஸ், உஸ்ஸ்.

அப்பா எழுந்துவிட்டார். என் வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். எனக்கும் ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. திரியில் தீ ஓடும்போது அந்தச் சத்தம்தான் வரும்.

"அய்யா, அய்யா, விடுங்க. இது ரத்தம் ஓடுற சத்தம்" என்றார் ஸ்கேன் எடுத்த அம்மா.

அப்பா கைப்பிடியை விடவில்லை. "யார் ரத்தம்?"

"உங்க மகளுதுதான்."

குச்சி விரல் பக்கமாக நகர்ந்தது. சத்தம் தேய்ந்து நின்றது. அந்த அம்மா இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தார். ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எங்கோ ஆழத்திலிருந்து, மூக்கடைத்த குழந்தை மூச்சு விடுவது போல, உஸ், உஸ்.

"இருக்கு" என்றார்.

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தை அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு ஓடாமல் இருந்தது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கோடு பேனா அடையாளத்துக்கு மேலேயே விழுந்தது. கறுத்த தோல் பொட்டுக்கடலைத் தொலி போல உரிந்தது, நகம் கழன்றது, அடியில் ரோஸ் கலரில் புதுத் தோல் இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று கட்டோடு என் ஷூ நுழையவில்லை. அப்பா பையிலிருந்து நியூஸ்பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து என் காலடியில் வைத்தார். ரப்பர் செருப்பு. வலது செருப்பில் துருத்துகிற மூட்டு உரசாமல் இருக்க வார்ப்பட்டையின் பக்கவாட்டில் பிளேடால் அரைவட்டமாக வெட்டியிருந்தது. கம்பெனி கேட்டில் அம்மா கழற்றிவிட்டுப் போன செருப்பு. அதை அவர் எடுத்து வந்து இத்தனை நாள் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. போட்டேன். அந்த அரைவட்டத்தில் என் மூட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு பேரும் பின்கட்டுக் கதவைத் தாண்டி கேட்டுக்கு நடந்தோம். அப்பா இந்தத் தடவை சுற்றிப் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் டப், சர் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

புண் நன்றாக ஆறிய பிறகு மறுபடி பிசியோவிடம் போனோம். அவர் விசயத்தைக் கேட்டு முகம் செத்துப்போய், அப்பாவை அவருடைய காலிலேயே டேப்பை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

"சாயங்காலம் வரைக்கும் இதோட நடங்க. எங்கன இறுக்குதுன்னு உங்க காலு சொல்லும்."

அப்பா அதோடு வேலைக்குப் போய் நொண்டிக்கொண்டு வந்தார். அடுத்த தடவை பயந்துபோய் எனக்கு ஒட்டியது பஸ்ஸ்டாப் போவதற்குள் கழன்று செருப்பில் தொங்கியது. பிறகு மெல்ல மெல்லக் கை பழகியது. இப்போது ஒட்டி முடித்ததும் என் நகத்தை அமுக்கி, சிவக்கிறதா என்று அவரே பார்க்கிறார். அவர் பார்ப்பதைப் பார்த்தால் கல்யாணத்துக்கு நகை வாங்குகிற மாதிரி இருக்கும்.

டேப் வேலை செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் டேப்போடு நடந்தால் பெருவிரல் ஊன்றுகிறது, கால் இழுபடுவதில்லை, பிரஸ்ஸில் மாடிப்படி ஏறினால் வலி பாதிதான். ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடக்கூடச் செய்தேன். அதைச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் வேகவேகமாக வீட்டுக்கு வந்தேன். அப்பா அடுப்படியில் இருந்தார். என் காலடி வாசலில் கேட்டதும் குரல் கொடுத்தார்.

"யாரு?"

"நான்தாம்ப்பா."

"நீயா" என்றார். திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸைப் பிடித்த கதையை நான் சொல்லவில்லை. அன்றைக்குப் படுக்கும் வரை வீட்டுக்குள் நடந்தேன், சர் என்ற இழுப்பு கேட்கவில்லை, எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

படுக்கும்போது டேப்பை எடுத்துவிட வேண்டும், தோலுக்குக் காற்றுப்பட வேண்டும். எடுத்ததும் விரல் தன் பழைய இடத்துக்குப் போய்ச் சாய்ந்துகொள்ளும். காலையில் எழுந்ததும் ஒட்டிவிட்டு நடப்பதுதான் முறை. நான் அதற்கு முன்னால் குடத்தை எடுத்துக்கொண்டு டேப் இல்லாத காலோடு, டப், சர் என்று தெருமுனை அடிகுழாய் வரை போய்வருவேன். வலிக்கும். திரும்பி வந்து குடத்தை இறக்கி வைக்கிற வரை அப்பா கண்ணை மூடிப் படுத்திருப்பார், ஆனால் தூங்குகிறவர் மூச்சு அப்படி இருக்காது. பிறகு எழுந்து டேப்பையும் கத்திரியையும் எடுத்துக்கொண்டு, "வா தாயி, காலை நீட்டு" என்பார்.

இன்று காலை எனக்கு நேரமாகிவிட்டது. முந்தின சாயங்காலமே தண்ணீர் பிடித்து வைத்திருந்ததால் நேரே போய் அவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். "தண்ணி எடுக்கப் போகலையா?"

"குடம் நெறஞ்சு இருக்குப்பா. சீக்கிரம் ஒட்டு, பஸ்ஸு போயிரும்."

அவர் டேப்பைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். எழுந்து அடுப்படிக்குப் போனார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவனைக் கிறுக்கன் என்பார்கள். அப்பா அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், கடைசிச் சொட்டு வரை மண்ணில் கவிழ்த்தார். காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு டப், சர் என்று நடந்தேன். பஸ் போய்விட்டது.